வாசலைப் பார்த்த அடுப்பு

கோச்சடையில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில் ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நொண்டி போஸ்ட்மேன் வீடு, மாறுகண் டெய்லர் வீடு, திக்குவாய் வாத்தியார் வீடு என்றுதான் அடையாளம். போஸ்ட்மேனின் மகன் படித்து பேங்க் வேலைக்குப் போய், நல்ல இரண்டு காலோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாலும் அவன் நொண்டி போஸ்ட்மேன் மகன்தான். இந்தப் பெயர்களில் பாதியை வைத்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரம்மா. கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. பிரசவ வலி என்றால் ஓடிப்போய் வண்டி பிடித்து வருவார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருவார். கூடவே ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இரண்டாவது மகள் பிறந்த பிறகு, எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் கொல்லையில் பேசுகிற பேச்சு போனது. பிறகு பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போனது. முகத்துக்கு நேரே பேசினால் பாதி கேட்கும், மீதியை உதடு சொல்லிவிடும். முதுகுப் பக்கமிருந்து பேசினால் சுவரும் நானும் ஒன்று. குக்கர் விசிலைக்கூட அதன் தலையில் குண்டு துள்ளுவதைப் பார்த்துத்தான் எண்ணினேன்.

சேலை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள் எலும்பு இறுகுகிறது, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு வேகமாக இறுகும் என்றார். மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். சோப்புப் பெட்டி அளவு இருந்தது. அதை ரவிக்கைக்குள் செருகி, வயரைக் கழுத்து வழியாகக் காதுக்கு இழுத்துக்கொள்ள வேண்டுமாம். அதோடு நான் தெருவில் நடந்தால் எதிர்வீட்டுக்காரம்மா யோசிக்கக்கூட வேண்டியதில்லை. செவிட்டம்மா வீடு. என் மகள்கள் இரண்டு பேரும் செவிட்டம்மா மகள்கள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் தெருமுனையில் வழி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கைகாட்டுவார்கள். ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் யுனிவர்சிட்டி ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் இருக்கிற நேரம் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். பேப்பருக்குப் பின்னாலிருந்து எதையாவது சொல்வார், நான் பதில் பேசாமல் போவேன். அது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

மாமியாருக்கு மட்டும் நான் பயந்தேன். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்ட குரலுக்கு மருமகள் திரும்பவில்லை என்றால் எந்த மாமியார்தான் சும்மா இருப்பார்? ஆனால் அவர் வேறு முடிவுக்கு வந்தார். "கூப்பிட்டா என்னன்னு கேக்க மாட்டா. அம்புட்டுத் திமிரு" என்று என் காதுபடவே சொன்னார். அதாவது, என் கண்படவே சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. திமிர்பிடித்தவள் என்ற பெயரில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பங்கம் வராமல் நான் கொஞ்சம் திமிராகவே நடந்துகொள்ளவும் செய்தேன். அது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை, ஏற்கெனவே கொஞ்சம் உண்டு.

நாளடைவில் அத்தை என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். நேரே வந்து தோளில் ஒரு இடி. திரும்பினால் சண்டைக்கு வருகிறவர் மாதிரி முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வார். "பெரியவளுக்கு. தலை. சீவி விடு." இந்த மனுஷிக்கு என் மேல் எவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வீடு மாமனார் கட்டியது. மனையடி சாஸ்திரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொத்தனாரோடு மல்லுக்கு நின்று கட்டினாராம். வைகையைப் பார்த்த வடக்கு வாசல். வாசலுக்கு நேர் எதிரே கொல்லை வாசல். தெருவில் நின்று பார்த்தால் கொல்லையில் துணி காய்வது தெரியும். தென்கிழக்கு மூலையில் அடுக்களை. அதில் கிழக்குச் சுவரை ஒட்டி மேடை, கிழக்கே பார்த்து நின்று சமைக்க. அடுக்களைக்குள் வருகிற வழி மேற்கே. அப்படியென்றால் சமைக்கிறவளின் முதுகுதான் வீட்டுக்கு. மாமனார் வீடு கட்டி முடித்த கையோடு காலமாகிவிட்டார். நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவர் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்பதுதான் அத்தைக்கு ஆகமம். விளக்குமாறுகூட அவர் சாத்திவைத்த மூலையில்தான் நின்றது.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் பினாங்கிலிருந்து பெரியம்மா வந்து சேர்ந்தார். மாமனாரின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே குடியிருப்பு, பக்கத்துக் கடை சீனனுடையது, மேசை நாற்காலி விற்பவன். புருஷன் போன பிறகு ஊரோடு வந்துவிட்டார். மகன் கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் சூப்பர்வைசர், அங்கேயே வீடு கட்டிக்கொண்டிருந்தான். அது முடிகிறவரை தம்பி வீட்டில் இருக்கலாம் என்று வந்தார்.

வந்த அன்று காப்பியைக் குடித்துவிட்டு, வாசலில் நின்று கொல்லையைப் பார்த்தார். திரும்பிக் கொல்லையில் நின்று வாசலைப் பார்த்தார். "என்னத்த வீடு இது? வாசல்ல வார லச்சுமி உக்காரக்கூட எடமில்ல. நேரா நடந்து கொல்லை வழியாப் போயிருவா" என்றார்.

"வார காத்து அடைபடாமப் போகணும் மதினி. உங்க தம்பி அளந்து வச்சது" என்றார் அத்தை.

"எந்தம்பிக்கு என்ன தெரியும்? பினாங்குல சீனன் இப்பிடிக் கட்ட மாட்டான்."

சீனர்கள் அதை ஹோங் சூய் என்பார்களாம், காற்று, தண்ணீர் என்று அர்த்தமாம். பிற்காலத்தில் பத்திரிகைகளில் அது வேறு மாதிரி ஃபெங் சுயி என்று வந்தபோது எனக்கு யாரோ தெரிந்தவர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டதுபோல் இருந்தது. எங்களுக்கு அது பெரியம்மாவின் வாயிலிருந்து வந்த ஹோங் சூய்தான். அடுத்த வாரமே பீரோ இடம் மாறியது. இரண்டு வாசலுக்கும் நடுவே, லட்சுமிக்குக் குறுக்கே அதை நிறுத்தினார். லட்சுமி முட்டிக்கொண்டாளோ என்னவோ, என் வீட்டுக்காரர் தினமும் முட்டிக்கொண்டார். பீரோக் கதவில் இருந்த கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. படுக்கை கண்ணாடியில் தெரியக்கூடாது என்று அதற்கு ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். அப்புறம் கட்டில். கால் வாசலைப் பார்த்து நீட்டிப் படுப்பது பிணம்தான் என்று கட்டிலைத் திருப்பினார். திருப்பினால் தலை வடக்கே வந்தது. "வடக்க தல வச்சாத்தான் பொணம்" என்று அத்தை இழுத்துப் போட்டார். ஒரு வாரம் இந்தப் பிணம் அந்தப் பிணம் என்று இரண்டு பேரும் கட்டிலை மாற்றி மாற்றி இழுத்தார்கள். கடைசியில் இரண்டு சாஸ்திரத்துக்கும் பொதுவாக அது அறைக்குக் குறுக்கே கோணலாக நின்றது. அதில் படுத்து எழுந்தவர் என் வீட்டுக்காரர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

பெட்டியிலிருந்து எட்டுப் பட்டைச் சட்டத்துக்குள் இருந்த ஒரு சிறிய வட்டக் கண்ணாடியை எடுத்து நிலைக்கு மேலே மாட்டினார். கெட்டது வந்தால் திருப்பி அனுப்பிவிடுமாம். எங்கே அனுப்பும் என்பதை எதிர்வீட்டுக்காரம்மா சீக்கிரமே கண்டுபிடித்தார். "உங்க கண்ணாடில எங்க வீட்டு வாசல்தான தெரியுது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அத்தைக்கு அன்று உள்ளுக்குள் கொண்டாட்டம். வெளியே பெரியம்மாவை விட்டுக்கொடுக்காமல், "அது அழகுக்கு" என்றார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்பது அதைவிட வசதியாக இருந்தது.

ஒரு நாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடிக்க ஆரம்பித்திருந்தது. தோளில் ஒரு இடி விழுந்தது. வழக்கமான இடிதான், ஆனால் நான் எதிர்பார்க்கவில்லை. தூக்கிவாரிப் போட்டது. எண்ணெய் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்தது. திரும்பினால் அத்தை. முகம் வெளுத்துப்போய் நின்றார். "இல்ல, சின்னவ அழுகுறா, அதச் சொல்லத்தான்" என்றார். பிள்ளை அழுததுகூட எனக்குக் கேட்கவில்லை. எரிச்சல் எண்ணெயாலா அதனாலா என்று தெரியாமல் நான் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு வந்த பெரியம்மா அடுக்களை வாசலில் நின்றபடி சொன்னார். "இதுக்குத்தான் சொல்றது. அடுப்பு முன்னால நிக்கிறவ வாசலப் பாத்து நிக்கணும். சீனன் வீட்ல எந்தப் பொம்பளையும் வாசலுக்கு முதுகு காட்டிச் சமைக்க மாட்டா. யாரு வாரா யாரு போறான்னு தெரியாம ஆக்குற சோறு ஒடம்புல ஒட்டாது. இந்த மேடைய இடிச்சுத் திருப்பு."

அத்தை ஆங்காரமாகத் திரும்பினார். "பீரோவ மாத்துனீக, கட்டில மாத்துனீக. பேசாம இருந்தேன். அடுப்புல கை வைக்காதீக மதினி. அது அவுக வச்ச அடுப்பு. மேக்க பாத்து ஆக்குனா வீட்ல அன்னந் தங்காது. நான் இருக்குற மட்டும் நடக்காது."

அத்தை அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. பெரியம்மாவே வாசலை விட்டு நகர்ந்துவிட்டார். கையில் மருந்து தடவிக்கொண்டு நான் மறுபடி கிழக்கே பார்த்து நின்றேன். பெரியம்மாவின் சீனன் சொன்னதில் எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்க வாய் இல்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

சித்திரையில் கப்பலூர் வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். பெரியம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கார் தெருமுனை திரும்பியிருக்காது, அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். பீரோ பழைய இடத்துக்குப் போனது. துண்டு அவிழ்ந்தது. கட்டில் நேரானது. ஸ்டூல் போட்டு ஏறி எட்டுப் பட்டைக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்துக்கொள்ள ஆகும் என்று என்னிடம் கொடுத்தார். வாசலில் நின்று கொல்லையைப் பார்த்தார். துணி காய்ந்துகொண்டிருந்தது. சீனன் ஊரைக் காலி பண்ணிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நின்றார். அத்தைதான் வரச் சொல்லியிருக்கிறார். அடுக்களைக்குள் கூட்டிப்போய், தெற்குச் சுவரிலிருந்து அறைக்குள் நாக்கு நீட்டினாற்போல ஒரு மேடை கட்டச் சொன்னார். அதற்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்துச் சமைக்க. நேர் எதிரே அடுக்களை வாசல், அதற்கு அப்பால் ஹால் முழுவதும்.

கொத்தனாருக்கே பொறுக்கவில்லை. "கெழக்கு பாத்த அடுப்பு, அய்யா பாத்துப் பாத்து வச்சது. எதுக்கும்மா மாத்துறீக?"

"மாத்தணும்னு தோணுது. நீங்க கட்டுங்க."

நான் அருகில் நின்று அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பினார். "பூனை வருது. ஆக்குறவ கண்ணுக்கு முன்னால வாசல் இருந்தா பால் மிஞ்சும்" என்றார். எங்கள் வீட்டில் பூனை பால் குடித்ததாக எனக்கு நினைவில்லை. வயதானால் புத்தி இப்படித்தான் போகும்போல, நேற்று வேண்டாம் என்றது இன்று வேண்டும் என்கிறது என்று நினைத்தேன். ஆனால் பழைய மேடையை உடைக்கிறபோது அவர் அங்கே நிற்கவில்லை. மாமனார் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். கடப்பாறை விழுகிற ஒவ்வொரு தடவையும் அவர் தோள் குலுங்கியது. எனக்குத் தரையில் அதிர்வு மட்டும் வந்தது.

புது மேடையில் கடப்பைக்கல் பதித்து, அடுப்பை ஏற்றி நான் முதலில் காய்ச்சிய பாலை ஒரு சொட்டு பொங்கவிடாமல் இறக்கினேன். பால் பொங்கவிட்டால்தான் மங்களம் என்று அத்தை திட்டினார். திட்டட்டும். எனக்கு வீடு முழுக்கத் தெரிந்தது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவது, சின்னவள் உதட்டைப் பிதுக்கி அழத் தயாராவது, வாசலில் கீரைக்காரி கூடையை இறக்குவது, யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பது. யாரும் வந்து தோளில் கை வைக்கும் முன்பே அவர்கள் வருவது தெரிந்தது. இத்தனை நாள் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். சீனனுக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

பெரியம்மா அந்த ஆடிக்கு ஒருதரம் வந்துபோனார். பீரோ பழைய இடத்தில் நிற்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தவர், அடுக்களையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் இருக்குற மட்டும் நடக்காதுன்ன? கடைசில எங்க சீனன்கிட்டத்தான வந்து நின்ன?"

அத்தை யாருக்கும் வார்த்தையில் தோற்கிறவர் இல்லை. நாத்தனாருக்கு நிச்சயம் இல்லை. பதிலுக்கு என்ன வரப்போகிறது என்று நான் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வாய் திறந்தது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, "ஆமா மதினி. நீங்க சொன்னதுதான் சரி. சீனன் கெட்டிக்காரன்தான்" என்றார். பெரியம்மா அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அது புரிந்தது மழைக்காலத்தில் ஒரு முற்பகலில். உலையில் அரிசி போட்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரம்மா குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து, ஹாலில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு வழியில் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, என்ன என்று நான் பிடிப்பதற்குள் அசைந்து முடிந்துவிட்டது. சும்மா சிரித்துவைத்தேன். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லைபோலிருக்கிறது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அத்தை பக்கம் சாய்ந்தார்.

அவர் குரலைத் தாழ்த்தினார் என்பது கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. உதடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. ஒங்க மருமகளுக்குக் காது கேக்காதோ? அன்னைக்குத் தெருவுல கத்திக் கூப்பிடுறேன், திரும்பவே இல்ல."

இத்தனை நாள் பொத்திவைத்தது இந்த இடத்தில், என் கண் முன்னாலேயே உடையப்போகிறது. கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு அது நடக்காது. ஆனால் மூட முடியவில்லை.

அத்தை சிரித்தார். "காதா? பாம்புக் காது அவளுக்கு. திமிரு. கூப்பிட்டா திரும்பக் கூடாதுன்னு ஒரு வீம்பு. நானே இப்பல்லாம் கூப்பிடுறதில்ல, போயித் தோள்ல ஒரு இடி இடிச்சாத்தான் திரும்புவா. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன், திருந்தல. இனிமே ஆரு கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்க, அந்த வீட்டு மருமக திமிரு புடிச்சவன்னு."

எதிர்வீட்டுக்காரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். பெயர் கிடைத்துவிட்டது.

நான் கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். தோளில் விழுந்த இடிகள், முகத்துக்கு நேரே வந்து வாயை அகலத் திறந்து பேசியது, இல்லாத பூனை, மாமனாரின் மேடை உடைந்தபோது குலுங்கிய அந்தத் தோள், நாத்தனாரிடம் விழுங்கிய வார்த்தை, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நின்றன. இந்த மனுஷிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னை வெறுக்கிறார் என்று நான் கணக்கு வைத்திருந்ததெல்லாம் தப்பு. அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதன்முதலாக, ஓடிப்போய் ஒருவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

எதிர்வீட்டுக்காரம்மா குடையை விரித்துக்கொண்டு போனார். அத்தை எழுந்து அடுக்களை வாசலைத் தாண்டி வந்தார். வருவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கேட்டாக?" என்றேன்.

அவர் மேடைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே நின்றார். "காப்பித்தூள். கேட்டா," என்றார் ஒவ்வொரு சொல்லாக. "இல்லைன்னுட்டேன்."

"சரிங்கத்தை."

மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து தோளில் ஒரு இடி இடித்தார். "ஒல கொதிக்குது, பாரு" என்றார்.